சரி சொல்லும் ஆள்

“மாதையன் மாட்டற சக்கரத்தைச் சுத்திச் சுத்தித் தட்டிப் பாக்கறீங்க. நான் மாட்டினதை மட்டும் ஏனுங்க ஏறெடுத்தும் பாக்கறதில்ல?”

ராக்கியண்ணன் இப்படிக் கேட்டபோது நாச்சிமுத்து மேஸ்திரி கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துடைத்து முடித்தார். துணியை உதறிக் கம்பியில் போட்டார்.

“டீ சொல்லட்டுங்களாண்ணா?” என்றார்.

அவ்வளவுதான் பதில். டீ வந்தது. ராக்கியண்ணன் குடித்தார். அவருக்கு அது இனிக்கவில்லை.

சங்ககிரியைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது அந்த லாரி டயர் கடை. இயந்திரம் என்று சொல்ல ஒரு கம்ப்ரசர் உண்டு, காற்றுக்கு. மற்றபடி கடப்பாரை, லிவர், சுத்தியல், மனுசன் முதுகு.

ராக்கியண்ணன் முன்பு லாரி ஓட்டியவர். கண் பார்வை மங்கி, ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தூரத்தில் வருவது தெரியாது. கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, தன்னைவிட வயதில் சிறிய நாச்சிமுத்துவிடம் வந்து தொழில் கற்றுக்கொண்டார்.

பெயரிலேயே அண்ணன் இருந்ததால் ஊரே அவரை அண்ணன் என்றது. மேஸ்திரியும் அண்ணா என்றுதான் கூப்பிட்டார். சீடனை அண்ணா என்று அழைக்கிற குருவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாதையன் பின்னால் வந்தவன். மேட்டூர்ப் பக்கம். சுமை தூக்கிக்கொண்டிருந்தான். மனைவி, குழந்தைகள் உண்டு. பலம் உண்டு. பொறுமை கிடையாது.

லாரி டயரைச் சக்கரத்தில் பிடித்து நிறுத்துவது ஓர் இரும்பு வளையம். லாக் ரிங் என்பார்கள். அது தன் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் ஒன்றுமில்லை. உட்காராமல் காற்று ஏறினால் பிய்த்துக்கொண்டு கிளம்பும். எதிரில் ஆள் இருந்தால் ஆளையும் கூட்டிக்கொண்டு போகும்.

அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம். மாட்டியவன் தன் இஷ்டத்துக்குக் காற்றைத் திறக்கக் கூடாது. மேஸ்திரி ‘சரி’ சொல்ல வேண்டும். சொன்னதும் வளையப் பக்கம் தரையில் படும்படி சக்கரத்தைக் கவிழ்ப்பார்கள். எல்லோரும் தள்ளி நிற்பார்கள். அதற்கு அப்புறம்தான் காற்று.

மாதையன் மாட்டிய சக்கரம் என்றால் மேஸ்திரி எழுந்து வருவார். குந்தி உட்காருவார். வளையம் முழுக்கச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். திட்டுவார். கழற்றி மறுபடி மாட்டச் சொல்வார். கடைசியில் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டி, “சரி” என்பார்.

ராக்கியண்ணன் மாட்டிய சக்கரம் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே “சரி”. செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுப்பதும் இல்லை.

ராக்கியண்ணனுக்கு வயிறு எரிந்தது.

பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். நியாயம் கேட்கிறேன் என்பார். பொறாமைக்கு நாம் எல்லோரும் வைத்திருக்கிற நல்ல பெயர் அதுதான்.

முதுகில் விழுகிற அந்தத் தட்டை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டையும் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டு வாங்கக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் போல என்று நினைத்தார்.

ஒரு நாள் அதையாவது வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

டியூபுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் பட்டை போடுவார்கள். அது மடிந்து கிடந்தால் நாலு ஊர் தாண்டுவதற்குள் டியூபை அறுத்துவிடும். ராக்கியண்ணன் வேண்டுமென்றே பட்டையை மடித்துப் போட்டார். ஓரத்தில் கொஞ்சம் வெளியே தெரியும்படியும் விட்டார். வந்து குனிந்தால் குருடனுக்கும் தெரியும்.

“மேஸ்திரி, ஆச்சுங்க.”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “சரி.”

மாதையன் காற்றைத் திறக்கப் போனான்.

“இருப்பா” என்றார் ராக்கியண்ணன்.

அந்த லாரி டிரைவர் பக்கத்தில்தான் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். சேலத்தில் சரக்கு ஏற்றிக் கோவைக்குப் போகிறவர். அவரை நடுவழியில் நிற்க வைக்க ராக்கியண்ணனால் முடியவில்லை. தானே மாட்டியதைத் தானே கழற்றினார். பட்டையை விரித்துப் போட்டு மறுபடி மாட்டினார். வேர்த்துக் கொட்டியது.

எதற்குக் கழற்றினீர்கள் என்று மேஸ்திரி கேட்பார் என்று எதிர்பார்த்தார். கேட்கவில்லை. பக்கம் புரட்டுகிற சத்தம்தான் கேட்டது.

அன்று மாலை மறுபடி போய் நின்றார்.

“அவன்கிட்ட இருக்கறது என்கிட்ட என்னுங்க இல்ல?”

மேஸ்திரி சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வெளியே ஒரு லாரி நின்றது. பின் பக்கம் ஜோடிச் சக்கரம். வெளியில் ஒன்று, அதை ஒட்டி உள்ளே ஒன்று.

“தட்டுங்கண்ணா.”

ராக்கியண்ணன் வெளிச் சக்கரத்தைத் தட்டினார். டங் என்றது.

உள்ளே கையை விட்டு மற்றதைத் தட்டினார். தொப் என்றது. உள்ளே காற்றே இல்லை.

மேஸ்திரி டிரைவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். அவர் ஓசூர் என்றார். வண்டி நன்றாகத்தான் ஓடியது என்றும் சொன்னார். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் சீடனுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிடும். ராக்கியண்ணனுக்கும் விளங்கியது. தப்பாக.

பாரத்தை எல்லாம் சுமக்கிற வெளிச் சக்கரம் நான், உள்ளே காற்றில்லாமல் சும்மா சுற்றுகிறவன் மாதையன், மேஸ்திரி அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு சக்கரமும் தானாகவே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“இனி மாதையன் சக்கரத்துக்கு அண்ணன் சரி சொல்லட்டும்.”

ராக்கியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. நினைத்தது சரிதான் என்று ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகும்போது மனைவிக்குப் பூ வாங்கிக்கொண்டு போனார். என்ன விசேஷம் என்று அந்தம்மாள் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

சில நாள் நன்றாகப் போயிற்று. அவரும் குந்தி உட்கார்ந்தார். தட்டினார். காதைச் சாய்த்தார். மாதையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். ‘சரி’ என்றதும் மூச்சு விடுவான். முதுகில் தட்ட மட்டும் ராக்கியண்ணனுக்குக் கை வரவில்லை.

பிறகு ஒரு காலை மேஸ்திரி மொபெட்டை எடுத்தார்.

நாமக்கல் சந்தைக்குப் பழைய டயர் பார்த்து எடுக்கப் போகிறார். அது சாதாரண வேலை இல்லை. எந்த டயர் இன்னும் ஓடும், எது வெளியே பளபளத்து உள்ளே நைந்தது என்று கையால் அமுக்கியே சொல்ல வேண்டும். மேஸ்திரி எப்போதும் தனியாகத்தான் போவார். என்றைக்காவது தன்னைக் கூப்பிடுவார் என்று ராக்கியண்ணன் காத்திருந்தார். கேட்டதில்லை. கேட்டு வாங்குவது மரியாதை இல்லை என்று நினைத்தார்.

“மாதையா, ஏறு” என்றார் மேஸ்திரி.

மாதையன் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

“கடையைப் பாத்துக்குங்கண்ணா.”

வண்டி போய்விட்டது. பின்னால் கிளம்பிய புழுதி அடங்கும்வரை ராக்கியண்ணன் நின்றார்.

அப்போ நான் காவல்காரன் என்று நினைத்துக்கொண்டார். கண் மங்கியவனுக்கு எதற்குச் சந்தை என்று விட்டுவிட்டார். நேற்று வந்தவன் பின்சீட்டில் ஏறுகிறான். நான் கதவைச் சாத்தித் திறக்க வேண்டும். மத்தியானச் சோற்றைத் திறந்து பார்த்து மூடி வைத்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோது கடை வாசலில் இரண்டு லாரிகள் நின்றன. இரண்டு டிரைவர்களும் ஆளாளுக்கு நான்தான் முந்தி என்று அவசரப்படுத்தினார்கள்.

மாதையன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். இரண்டு சக்கரத்தையும் ஒரே மூச்சில் பிரித்தான். சந்தையில் பார்த்ததைப் பற்றி வாய் ஓயாமல் பேசினான். மேஸ்திரி என்ன சொன்னார், தான் எந்த டயரைக் கை வைத்துச் சொன்னேன், அதற்கு மேஸ்திரி எப்படிச் சிரித்தார் என்பதெல்லாம். ராக்கியண்ணன் காதில் எல்லாம் விழுந்தது.

பிரித்த வளையத்தை அதனதன் சக்கரத்துக்குள்ளேயே போட்டு வைக்க வேண்டும். தொழிலில் முதல் பாடம் அது. ஒரு சக்கரத்தின் வளையம் இன்னொன்றுக்குப் பார்வைக்குப் பொருந்தும், பள்ளத்தில் பொருந்தாது. மாதையன் பேச்சு மும்முரத்தில் இரண்டு வளையத்தையும் சுவரில் சாய்த்து வைத்தான்.

எடுக்கும்போது மாற்றி எடுத்தான்.

“அண்ணா, பாருங்க.”

ராக்கியண்ணன் குனிந்தார். கிட்டத்தில் அவருக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னேன். வளையத்தின் இரண்டு நுனிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. இருக்கக் கூடாது.

சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். செத்த சத்தம் வந்தது. மாதையனுக்கு அந்தச் சத்தம் இன்னும் பிடிபடவில்லை. அவன் பேசிக்கொண்டிருந்தான்.

ராக்கியண்ணன் யோசித்தார்.

சக்கரத்தைக் கவிழ்க்கத்தான் போகிறோம். பிய்த்துக்கொண்டால் வளையம் தரையைத்தான் அடிக்கும். பக்கத்தில் யாரும் நிற்கப்போவதில்லை. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது. சக்கரம் எகிறி விழும். ஒரு பெரிய சத்தம் கேட்கும். டிரைவர்கள் ஓடி வருவார்கள். மாதையனின் முகம் கறுத்துப் போகும். அடுத்த முறை மொபெட்டின் பின்சீட்டு காலியாக இருக்கும்.

நாலும் யோசித்தவருக்கு, சரி சொன்ன ஆள் யார் என்று பிறகு கேட்பார்களே என்பது மட்டும் தோன்றவில்லை. பொறாமைக்குப் பாதிக் கணக்குத்தான் வரும்.

“சரி” என்றார்.

கவிழ்த்தார்கள். மாதையன் குழாயை மாட்டிவிட்டுக் கம்ப்ரசர் பக்கம் போய்க் காற்றைத் திறந்தான். டயர் மெல்லப் பெருக ஆரம்பித்தது.

மேஸ்திரி டீ கிளாஸோடு உள்ளிருந்து வந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராக அந்தச் சக்கரத்துக்கு வந்தார். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ராக்கியண்ணன் இரண்டடி முன்னால் வந்தார்.

“மேஸ்திரி, காத்து ஏறுதுங்க.”

“தெரியுதுங்கண்ணா.”

“காத்து ஏறறப்ப பக்கத்துல ஆரும் நிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க.”

“நான் நிக்கலையே” என்றார் மேஸ்திரி. டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

“எந்திரிங்க.”

“ஏனுங்கண்ணா?”

காரணம் சொல்ல ஒரு பேச்சு போதும். ரிங் மாறிப் போச்சு என்றால் போதும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சரி என்றீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

“வெயிலுங்க. உள்ள போய் உக்காருங்க.”

“பரவால்ல. நீங்க சரின்னீங்கல்ல. உக்காந்துட்டேன்.”

காற்று ஏறிக்கொண்டிருந்தது. மீட்டரில் முள் நகர்ந்தது. மேஸ்திரி காலை ஆட்டிக்கொண்டு சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்தார். சக்கரத்துக்கு அடியில் இரும்பு லேசாக முனகியது.

ராக்கியண்ணன் பாய்ந்தார்.

குழாயைப் பிடுங்கி எறிந்தார். மண்டியிட்டு, தடுமாறுகிற விரலால் டியூபின் வால்வு ஊசியைத் திருகிக் கழற்றினார். காற்று சீறிக்கொண்டு அவர் முகத்தில் அடித்தது. முகத்தை அவர் விலக்கவில்லை. கடைசிக் காற்று போகும்வரை அப்படியே இருந்தார். கண்ணில் நீர் வழிந்தது காற்றினால் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். காற்றினால் இல்லை.

மேஸ்திரி அப்போதுதான் எழுந்தார்.

மாதையன் ஓடி வந்தான். சக்கரத்தைப் புரட்டினான். வளையத்தைப் பார்த்தான். இடைவெளியில் விரலை விட்டான். விரல் போயிற்று.

சுவரில் இருந்த மற்ற வளையத்தைத் திரும்பிப் பார்த்தான். மேஸ்திரி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. கடைசியில் ராக்கியண்ணனைப் பார்த்தான்.

“அண்ணா, இது உங்க கண்ணுக்குத் தப்பியிருக்காதே.”

“தப்பல.”

“அப்புறம்?”

“பாத்தேன். பாத்துட்டுத்தான் சரின்னேன்.”

மாதையன் கையை இடுப்புத் துண்டில் துடைத்தான். சுத்தமாக இருந்த கையை மறுபடி துடைத்தான்.

ராக்கியண்ணன் மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

“ரிங் மாறினது உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாது” என்றார் மேஸ்திரி.

ராக்கியண்ணன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார். தெரிந்து உட்கார்ந்திருந்தால் அது ஒரு பாடம் என்று ஆறுதலாவது பட்டிருக்கலாம். தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை நம்பி அந்த மனுசன் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நாளும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வந்த ‘சரி’ ஒவ்வொன்றும் இப்போது ராக்கியண்ணன் காதில் கேட்டது.

மேஸ்திரி அவரைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. டிரைவர் காத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

ராக்கியண்ணன் எழுந்தார்.

அந்த வளையத்தைக் கழற்றினார்கள். சுவரில் இருந்ததை மாதையன் எடுத்து வந்தான். இருவரும் ஆளுக்கு ஒரு லிவரைப் பிடித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாதையன் மாட்டினான். வளையம் பள்ளத்தில் இறங்கியது.

ராக்கியண்ணன் தட்டினார். ஒரு முழுச் சுற்று வந்தார். திரும்பி எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று வந்தார். காதை வளையத்தோடு வைத்துக் கேட்டார். நுனி இரண்டும் ஒட்டியிருப்பதை நகத்தால் கீறிப் பார்த்தார்.

எழுந்து சுத்தியலை மேஸ்திரியிடம் நீட்டினார். இனி இது தனக்கு வேண்டாம், நீங்களே வந்து பாருங்கள் என்று கெஞ்சினார்.

மேஸ்திரி சுத்தியலை வாங்கவில்லை. கம்ப்ரசர் பக்கம் நடந்தார். காற்றுத் திருகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

சக்கரத்தைக் கவிழ்த்தார்கள். குழாயை மாட்டினார்கள். ராக்கியண்ணன் தள்ளி நின்றார்.

மாதையன் தள்ளிப் போகவில்லை.

சக்கரத்தை ஒரு தரம் பார்த்தான். ராக்கியண்ணனை ஒரு தரம் பார்த்தான். பிறகு அதன் மேல் ஏறி உட்கார்ந்தான்.

“எந்திரி மாதையா. நீ வேண்டாம்.”

அவன் எழவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டான்.

“நல்லாத் தட்டிப் பாத்தீங்களாண்ணா?”

“பாத்தேன்.”

“அப்பச் சரி சொல்லுங்க.”